பயத்தோடுதான் உட்கார்ந்தார்கள்

"தைரியமாக இருங்கள், பயத்தை விட்டொழியுங்கள்" என்று நம்முடைய கூட்டங்களில் பேசாத பேச்சாளர் கிடையாது. நாமும் கை தட்டுகிறோம். கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போகும்போது பயமும் கூடவே நடந்து வருகிறது. அப்போது உள்ளுக்குள் ஒரு எண்ணம் ஓடும்: மத்தவங்க எல்லாம் தைரியசாலிங்க, நான் ஒருத்திதான் கோழை, இதுக்கெல்லாம் நான் லாயக்கில்லாதவள். இந்த எண்ணத்தைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பயம் முடக்கிப்போட்ட ஆட்களைவிட, 'பயப்படுகிற நான் லாயக்கில்லாதவள்' என்கிற இந்த எண்ணம் முடக்கிப்போட்டவர்கள்தான் அதிகம்.

நான் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு காலனியில் பிறந்தவள். நாற்பது வயது தாண்டிவிட்டது. கம்பெனி வேலைக்கும் போனேன். இப்போது தையல் மிஷின் ஓட்டிப் பிழைக்கிறேன். இத்தனை வருஷத்தில், பயம் போன பிறகு போராட வந்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பயத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

பயம் எங்கே இருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் என் ஆயா. "ஊருக்குள்ள போவும்போது குனிஞ்ச தல நிமுராம போ. எவனா எதுனா கேட்டா தெரியாது சாமின்னு சொல்லிட்டு வந்துகினே இரு" என்பாள். இதைச் சொன்னவள் கோழை இல்லை. பாம்பு கிடக்கிற வரப்பில் ராத்திரி தனியாகப் போய் மடை திறந்தவள். காலனியில் பாதிப் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி அறுத்தவள். பாம்புக்குப் பயப்படாதவள், ஒரு பண்ணைக்காரர் தெருவில் வந்தால் ஏன் ஒதுங்கி நின்றாள்? அவள் குடிசை போட்டிருந்த மனை அவருக்குச் சொந்தம். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் அன்று ராத்திரி அடுப்பு வைக்க இடம் இருக்காது.

இது என் ஆயாவின் கதை மட்டுமில்லை. 1891-ல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் என்கிற வெள்ளைக்காரர், இந்த ஜில்லாப் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார். படியாள் முறையை எழுதினார். நிலமில்லாததை எழுதினார். குடியிருக்கிற மனைகூட மிராசுதார் கையில் இருப்பதால் இந்த ஜனங்கள் வாய் திறக்க முடியவில்லை என்பதும் அதில் இருக்கிறது. அந்த அறிக்கையின் பேரில்தான் 1892-ல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். நம்மைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. அந்த நிலமெல்லாம் எப்படிக் கைமாறிப்போனது என்பது இந்தப் பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும்.

ஆக, பயம் எங்கள் ரத்தத்தில் ஊறியதில்லை. ஒருத்தன் தூங்குகிற இடம் இன்னொருத்தன் கையில் இருந்தால், அந்த இடத்தில் பயம் உற்பத்தியாகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கலெக்டருக்கே தெரிந்த விஷயம் இது. நமக்குத்தான் அது நம்முடைய குணம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

காரணை சம்பவம் நடந்தபோது நான் அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தேன். கைவிட்டுப்போன பஞ்சமி நிலத்தைக் கேட்டு அந்த ஊர் ஜனங்கள் எழுந்தார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலையைப் போலீஸ் அகற்றியது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரை விட்டார்கள். எங்கள் காலனியில் அன்றைக்கு ராத்திரி பெரியவர்கள் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு பேசினார்கள். என் நைனா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நெலம் கேட்டா குண்டு. பாத்துக்கினியா?" அதே பேச்சில் பக்கத்து வீட்டு அத்தை, "கேக்காதவங்கள மட்டும் விட்டுட்டானுங்களா?" என்றாள். நைனா பதில் சொல்லவில்லை. பயம் பேசியதும், பயத்துக்கு எதிர்க்கேள்வி போட்டதும் ஒரே திண்ணையில்தான் நடந்தது. இரண்டு பேருமே நடுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு எங்கள் மண்ணில் கம்பெனிகள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் செய்ய ஆரம்பித்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா திறந்தது. ஒரகடத்தில் சிப்காட் பரந்தது. ஏர் ஓட்டிய வயலில் காம்பவுண்ட் சுவர் எழும்பியது. படியாள் பேரப்பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். அதில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். மாதம் பிறந்தால் காசு. யார் வீட்டு வாசலிலும் நின்று கூலி கேட்க வேண்டியதில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

ஆனால் கம்பெனி பஸ் ஊர்த்தெரு முனையில்தான் நின்றது. காலனி உள்ளே வராது. லைனில் பக்கத்தில் நிற்கிற பெண் முதல் நாள் கேட்கிற கேள்வி, "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி, "ஊருலயா, ஊருக்கு வெளியவா?" அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது எந்தப் பக்கம் திரும்பி உட்காருகிறாள் என்பதில் பதில் தெரிந்துவிடும். யூனிஃபார்ம் ஒன்றுதான். கேன்டீன் பெஞ்சு ஒன்றுதான். சாதி மட்டும் டப்பாவுக்குள் வந்துவிடும்.

நான் 2008-ல் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். பெயர் இங்கே வேண்டாம். மாதம் 4,000 ரூபாய். அதில் ஈ.எஸ்.ஐ.க்கு என்று 70 ரூபாய் பிடிப்பார்கள். அப்போது தொழிலாளி பங்கு நூற்றுக்கு 1 ரூபாய் 75 காசு. பிடித்தார்களே ஒழிய கார்டு தரவில்லை. கேட்டால் கம்பெனியில் "கான்ட்ராக்டரைக் கேளு" என்பார்கள். கான்ட்ராக்டரைக் கேட்டால் "வரும் வரும்" என்பார்.

2009-ல் எங்கள் லைனில் ஒரு பெண்ணுக்கு மிஷினில் விரல் நசுங்கியது. ஏதோ ஒரு சின்ன கிளினிக்கில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் கையில் கார்டு இல்லை. பதினெட்டு வயசுப் பெண். பத்து நாளில் விரல் கறுத்துவிட்டது. சொந்தக் காசில் வைத்தியம் பார்த்தார்கள். கூடவே வேலையும் போனது.

லைனில் நாங்கள் 42 பேர் கான்ட்ராக்ட் பெண்கள். எல்லோருக்கும் கோபம் இருந்தது, எல்லோருக்கும் பயமும் இருந்தது. கேன்டீனில் பேச முடியாது. ராத்திரி ஷிப்ட் முடிந்து திரும்பும்போது பஸ்ஸின் கடைசி சீட்டில்தான் பேச்சு. மனு எழுதலாம் என்று முடிவானது. பன்னெண்டாவது பாஸ் ஆனவள் என்று என்னை எழுதச் சொன்னார்கள்.

எனக்கு நடுக்கம் வந்தது அங்கேதான். சூப்பர்வைசரைவிட, செக்யூரிட்டியைவிட, வெள்ளைத்தாள் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. எழுத்துப்பிழை இருந்தால் ஆபீசில் சிரிப்பார்களே. ர போடுகிற இடத்தில் ற வந்துவிட்டால்? இங்கிலீசில் எழுதினால்தானே மதிப்பார்கள்? பள்ளிக்கூடத்தில் 'கோட்டா' என்று பேர் வைத்தவர்களின் சிரிப்பெல்லாம் அந்தத் தாளுக்கு மேலே கேட்டது. தன்மேலேயே சந்தேகப்படுவது என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அது வெளியிலிருந்து வந்து உள்ளே குடியேறிய குரல். கேட்டுப்பார்த்தால் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு முகம் இருக்கும், ஒரு வாத்தியார் இருப்பார், ஒரு தெரு இருக்கும்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நாலாவது முறை பஸ்ஸிலேயே எல்லோரும் சொல்லச் சொல்ல எழுதினேன். "பிடித்த பணத்துக்குக் கார்டு கொடு" என்பதுதான் விஷயம். அதற்கு எந்த இலக்கணமும் தேவைப்படவில்லை.

அடுத்த சிக்கல் கையெழுத்து. முதலில் யார் போடுவது? முதல் பேர் யாருடையதோ அவள்தான் தலைவி. அவள் சீட்டுத்தான் முதலில் கிழியும். இரண்டு நாள் தாள் பையிலேயே கிடந்தது. ஊர்த்தெருவிலிருந்து வருகிற ஒரு பெண்தான் வழி சொன்னாள். "கோலத்துல மொத புள்ளி எதுன்னு யாருக்குனா தெரியுமா? சுத்தி வட்டமா போடுங்கடி" என்றாள். மனுவை நடுவில் எழுதி, சுற்றிலும் வட்டமாகக் கையெழுத்துப் போட்டோம். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் பேருக்குப் பக்கத்தில் என் பேர் வந்தது. "எங்க அப்பாருக்கு மட்டும் இது தெரிஞ்சிது..." என்று சொல்லிக்கொண்டேதான் போட்டாள். பேனா பிடித்த கை ஆடியது. "உனக்கும் கை ஆடுதா?" என்று கேட்டேன். "பின்ன? நின்னதும் போடலாம்னா நாளிக்கிக் கூட போட முடியாது" என்றாள்.

42 பேரில் 26 பேர் போட்டார்கள். கம்பெனிக்கு ஒன்று, கான்ட்ராக்டருக்கு ஒன்று, ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்கு ஒன்று என்று மூன்று பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்று மாதத்தில் கார்டு வந்தது. கையெழுத்துப் போடாத 16 பேருக்கும் சேர்த்தே வந்தது. அடுத்த கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது நாலு பேருக்கு வேலை இல்லை என்றார்கள். அதில் நான் ஒருத்தி. வட்டத்தில் முதல் ஆள் தெரியாவிட்டாலும், மனுவின் கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது போல. ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஜெயிக்கவில்லை. பக்கத்தில் பேர் போட்ட அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகைகூட வரவில்லை. ஒரு மனுவில் சாதி போய்விடாது. ஆனால் நான் எழுதினால் ஒரு ஆபீஸ் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. அது தெரிந்த பிறகு வெள்ளைத்தாள் என்னைப் பயமுறுத்தியதில்லை.

இதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து இதே ரோட்டில் நடந்ததை உலகமே பார்த்தது. ஃபாக்ஸ்கான் ஆலை, ஐபோன் செய்கிற இடம். சுமார் 17,000 பேர் வேலை செய்த இடம். அதில் பெண்களே பெரும்பாலோர், பல மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவர்கள். 2021 டிசம்பர் நடுவில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சாப்பிட்ட 250-க்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தி, பேதி. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஒரே அறையில் ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை தரையில் படுத்திருந்தார்கள், சில இடங்களில் கக்கூசில் தண்ணீர்கூட இல்லை என்பதெல்லாம் பிறகு வெளியே வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் சிலரைப் பற்றித் தகவல் இல்லை. செத்துப்போய்விட்டார்கள் என்று பேச்சுப் பரவியது. அது உண்மை இல்லை, யாரும் சாகவில்லை. ஆனால் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வதந்திதானே பதிலாக வரும்? டிசம்பர் 17 ராத்திரி அந்தப் பெண்கள் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடிந்து 18-ஆம் தேதியும் உட்கார்ந்திருந்தார்கள். லாரிகள் மைல் கணக்கில் நின்றன. அவர்களுக்கு அன்று சங்கம் இல்லை, மேடை இல்லை. பலர் இருபது வயதைச் சுற்றி இருந்தவர்கள். ஊரில் தனியாகக் கடைக்குப் போகவே அனுமதி கேட்க வேண்டிய பெண்கள், நடுராத்திரியில் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள்.

எப்படி முடிந்தது? நான் யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த பதில் இது. அவர்கள் சம்பளம் கேட்டு உட்காரவில்லை. தரையில் படுக்கிறோம் என்றும் முதலில் கேட்கவில்லை. "எங்க கூட இருந்த பொண்ணுங்க எங்க?" என்று கேட்டார்கள். தனக்காக என்றால் பொறுத்துக்கொள்ளப் பழகியவர்கள் நாம். நமக்குப் பசி தாங்கும், அவமானம் தாங்கும். பக்கத்துப் பாயில் படுத்தவள் காணோம் என்றால் தாங்காது. அவளுக்கு என்ன ஆச்சோ என்பதும் பயம்தான். ஒரு பயத்தைத் தைரியம் வந்து ஜெயிக்கவில்லை. சின்ன பயத்தைப் பெரிய பயம் எழுப்பி ரோட்டுக்கு அனுப்பியது. கலெக்டர் நேரில் வந்து பேசி, சிகிச்சையில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை அவர்களுக்குத் தெளிவாக்கிய பிறகுதான் எழுந்தார்கள்.

பிறகு ஆலை மூடப்பட்டது. ஹாஸ்டல்களும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் விதிமுறைப்படி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒத்துக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். தரையில் படுத்தவர்களுக்குக் கட்டில் வந்தது நல்லதுதான். ஆனால் கட்டில் யார் கையில் என்ற கேள்வி கட்டிலோடு தீராது. 1891-ல் மனை, 2021-ல் ஹாஸ்டல் படுக்கை. வேலை போனால் அன்று ராத்திரி எங்கே தூங்குவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவரை அங்கே பயம் உற்பத்தியாகிக்கொண்டுதான் இருக்கும்.

இதைச் சொல்லும்போது சுங்குவார்சத்திரத்து சாம்சங் தொழிலாளர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2007-லிருந்து ஓடுகிற ஆலை. 2024-ல்தான் சங்கம் வைத்தார்கள். செப்டம்பர் 9-ல் வெளியே வந்து 37 நாள் உட்கார்ந்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள், கைது செய்தார்கள், மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரி 27-ல் சங்கம் பதிவானது. அவர்கள் தைரியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நிரந்தர வேலை, ராத்திரி திரும்பிப் போக ஒரு வீடு, பின்னால் சி.ஐ.டி.யு. என்ற பெரிய சங்கம். இத்தனையும் சேர்ந்துதான் 37 நாள். ஹாஸ்டல் பெண்களுக்கு இது எதுவும் இல்லாமல் ஒரு ராத்திரி, ஒரு பகல். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

பாபாசாகேப் 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயில் வேலை செய்த நம் ஜனங்களின் மாநாட்டில் பேசும்போது, தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு, பார்ப்பனியமும் முதலாளித்துவமும் என்றார். பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவர்களை விடுவதில்லை. அறுந்த நூலை வாயில் வைத்து எடுக்க வேண்டும், எச்சில் தீட்டு என்று காரணம். 1928 வேலைநிறுத்தத்தின்போதே இதை அவர் கேள்வியாக்கினார். இன்றைக்கு எங்கள் வட்டாரத்தில் தொழிற்சங்கத் தோழர்கள் கம்பெனி கேட்டில் கூலியைப் பேசுகிறார்கள், பஸ் ஏன் காலனிக்குள் வருவதில்லை என்று பேசுவதில்லை. நம் இயக்கங்கள் சேரியில் சாதியைப் பேசுகின்றன, கம்பெனி கேட்டுக்கு வருவதில்லை. நடுவில் நிற்கிற பெண் இரண்டு பயத்தையும் தனியாகச் சுமக்கிறாள்.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒன்று சொல்வேன். எங்களிடம் வந்து தைரியமாக இருங்கள் என்று சொல்லாதீர்கள். தைரியத்துக்கு எவ்வளவு விலை ஆகிறது என்று கேளுங்கள். அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். வேலை போனவளுக்கு ஒரு மாதம் தங்க ஒரு அறை வேண்டும். மனு எழுதும்போது ர-வா ற-வா என்று சிரிக்காமல் சொல்ல ஒருத்தர் வேண்டும். எந்த ஆபீசுக்கு எந்தத் தபால் என்று தெரிந்த ஒரு வக்கீல் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2021-ல் 67 பெண்களைப் போலீஸ் பிடித்து வைத்தது. அவர்கள் பெற்றோருக்குப் போன் போட்டு, பெண்ணை அடக்கி வையுங்கள் என்று எச்சரித்தார்கள் எனப் போராடியவர்களும் தொழிற்சங்கத்தாரும் சொன்னார்கள். துன்புறுத்தவில்லை என்று போலீஸ் சொன்னது. எது எப்படியோ, போன் வந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு காலனியில் ஒரு அப்பா கை நடுங்க அந்தப் போனை எடுப்பார். அவரும் 'தெரியாது சாமி' என்று சொல்லி வளர்ந்தவர்தான். அவருக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் நம்மில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், "ஒம் பொண்ணு தப்பு எதுவும் பண்ணலபா, கூட இருந்தவள எங்கன்னுதான் கேட்டா" என்று சொன்னால் போதும். ரோட்டில் உட்கார்ந்திருக்கிறவள் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவாள்.